கினிக்கோழி தானே வந்து அடையும் கொட்டகை

கினிக்கோழி பகல் முழுவதும் தோப்பிலும் வரப்பிலும் கூட்டமாகத் திரிந்து, பூச்சிகளையும் களை விதைகளையும் பொறுக்கித் தின்னும். இதனால் தீவனச் செலவு குறையும். நாயோ பாம்போ அந்நியரோ வந்தால் கூச்சலிட்டுக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பொழுது சாய்ந்ததும் மரக்கிளையில் ஏறி உட்கார்ந்துவிடுவது இதன் இயல்பு. இருட்டில் இதற்குக் கண் சரிவரத் தெரியாது. கோட்டான், மரநாய், காட்டுப்பூனை ஆகியவை இரவில் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்றுவிடும். பகலில் வரும் ஆதாயம் இரவில் கரைந்துபோகிறது.

நாட்டுக்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடலாம். தாழ்வான கூண்டிலும் அது குனிந்து நுழையும். ஆப்பிரிக்கப் புல்வெளியைச் சேர்ந்த கினிக்கோழியோ, இருண்ட, தாழ்வான இடத்தினுள் நுழைய அஞ்சும். ஆகவே கொட்டகையில் உயரம், வெளிச்சம், அகலமான வாசல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

இடமும் அளவும்

கோழி ஒன்றுக்கு 3 சதுர அடி வீதம், 20 கோழிகளுக்கு 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள கொட்டகை போதுமானது. முன்புறம் 7 அடியும் பின்புறம் 6 அடியும் உயரம் இருந்தால், ஆள் நிமிர்ந்து நின்று கூட்டவும் முட்டை எடுக்கவும் வசதியாகும். மழைநீர் தேங்காத மேட்டில், தரையை ஓரடி உயர்த்தி அமைக்க வேண்டும். தரையில் நெல் உமி அல்லது கடலைத்தோலை 4 அங்குலம் பரப்பலாம். ஈரமான கூளத்தை உடனே அகற்றுவது அவசியம்.

சுவரும் வலையும்

அடியில் 2 அடிக்குச் செங்கல் சுவர், அதன் மேல் அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டியான கம்பி வலை அமைக்கலாம். மெல்லிய கோழி வலையை நாய் கிழித்துவிடும். கீரி தோண்டி நுழையாதபடி அஸ்திவாரம் ஓரடி ஆழம் இருக்கட்டும். கீற்றுக் கூரையானால் அதன் அடியிலும் வலை அடிக்க வேண்டும். இல்லையேல் மரநாய் கீற்றைப் பிரித்து இறங்கிவிடும்.

கம்பும் வாசலும்

4 அடி உயரத்தில், 2 அங்குலக் கனமுள்ள சவுக்குக் கம்புகள் இரண்டைக் கொட்டகையின் நீளத்துக்குப் பொருத்தினால், கோழிக்கு ஓரடி வீதம் இருபதும் உட்காரும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தால் அந்த இடத்துக்கே சண்டை நடக்கும். கோழிகள் படிப்படியாக இறங்க 2 அடி உயரத்தில் இன்னொரு கம்பு வைப்பது நல்லது.

வாசல் 3 அடி அகலமும் 6 அடி உயரமும் இருக்கட்டும். அந்தி நேரத்தில் உள்ளே ஒரு சிறு விளக்கை ஏற்றி வைத்தால் கோழிகள் தயங்காமல் வரும். அவை கம்பில் ஏறியபின் கதவைத் தாழிட்டு விளக்கை அணைத்துவிடலாம்.

பழக்கும் முறை

புதிதாக வாங்கிய கோழிகளை 6 வாரம் கொட்டகையிலேயே அடைத்து வைக்க வேண்டும். பின்னர் பாதிக் கோழிகளை மட்டும் வெளியே விட்டால், உள்ளே இருப்பவற்றின் குரல் கேட்டு அவை திரும்பி வரும். சில நாட்களில் எல்லாவற்றையும் விடலாம். நாள்தோறும் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தகர டப்பாவைத் தட்டி, கொட்டகைக்குள் கம்பு அல்லது சோளம் போட வேண்டும். காலையில் வயிறு நிறையத் தீனி போட்டால் மாலையில் வராது.

முட்டை கிடைக்க

கினிக்கோழி புதர் மறைவில் முட்டையிடும். கொட்டகையின் மூலையில், தரையில் வைக்கோல் பரப்பி, முன்னே ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து மறைவு உண்டாக்கலாம். முட்டையிடும் பருவத்தில் நண்பகல் கழிந்தபின் வெளியே விட்டால் பெரும்பாலான முட்டைகள் உள்ளேயே கிடைக்கும். எல்லா முட்டைகளையும் எடுத்துவிட்டால் கோழி வேறு இடம் தேடும். எனவே இரண்டொன்றை அடையாளமிட்டு விட்டுவைக்க வேண்டும்.

கோழியைப் பிடிக்க வேண்டுமானால், இரவில் கம்பில் இருக்கும்போது இரு இறக்கைகளையும் சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும். காலைப் பிடித்துத் தூக்கினால் எளிதில் ஊனமாகிவிடும்.

ஓரிரவு கதவு திறந்து கிடந்தாலும் போதும், கூட்டமே அழியக்கூடும். ஆகவே தாழிடுமுன் கோழிகளை எண்ணிப் பார்ப்பதை அன்றாட வழக்கமாக்கிக் கொள்வது நலம்.