ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே, சார்!

"கதவைச் சாத்துங்க, ஏசி ஓடுது" என்பார் செகரட்டரி. நம்பாதீர்கள். அந்த ஏசி போன கோடையிலேயே மூச்சை விட்டுவிட்டது. கதவைச் சாத்துவதற்குக் காரணம் வேறு. புகார் ஃபைலைத் திறக்கப் போகிறார்கள்! வாங்க, சத்தம் போடாமல் கடைசி நாற்காலியில் உட்காருங்கள். பஜ்ஜி வரும்.

இடம் சிங்கப்பெருமாள் கோவில். எந்த அபார்ட்மென்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். ஜிஎஸ்டி ரோட்டில் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை எந்த கேட்டுக்குள் நுழைந்தாலும் இதே கமிட்டி, இதே ஃபைல்தான். ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலை பார்க்கிறவர்கள், தாம்பரத்து விலை கட்டுப்படியாகாமல் தெற்கே நகர்ந்தவர்கள், பி.எஃப். பணத்தைப் போட்டு வீடு வாங்கிய பெரியவர்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் தஞ்சாவூர், அந்தப் பக்கம் திருநெல்வேலி. கேட்க வேண்டுமா!

முதல் புகார்: "எதிர்வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்ட் வைத்திருக்கிறார்கள். பைலாப்படி பொது வழியை அடைக்கக்கூடாது. தீ விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு?" அடடா, என்ன பொறுப்புணர்ச்சி! கமிட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர்கள் படும் பாடு மட்டும் தெரிகிறது. ட்ரெஷரர் குனிந்து காதில் சொல்கிறார்: "நவராத்திரிக்கு வெத்தலை பாக்கு வாங்க இந்த மாமியைக் கூப்பிடலையாம்." ஸ்டாண்ட் மூன்று வருஷமாக அங்கேயேதான் நிற்கிறது. தீ அபாயம் மட்டும் விஜயதசமிக்கு மறுநாள் வந்திருக்கிறது.

இரண்டாவது, விசிட்டர் பார்க்கிங்கில் நிற்கும் ஸ்கூட்டர். அதற்குப் பின்னால் பாதியில் நின்றுபோன ஏலச்சீட்டு. மூன்றாவது, மேல்வீட்டுப் பையன் ராத்திரியில் பந்து தட்டுகிறான். பின்னால் ஒரு ஜாதகம்! போன தை மாதம் மேலே போய், பொருத்தமில்லை என்று கீழே திரும்பி வந்த ஜாதகம். பொருத்தம் பார்த்த ஜோசியர் அடுத்த பிளாக்கில் இருக்கிறார் என்பதால் அவர் மேலும் ஒரு புகார் வரிசையில் நிற்கிறது.

பல்லவர் காலக் குடைவரையில் வீற்றிருக்கும் இந்த ஊர்ப் பெருமாள், பாடலாத்ரி நரசிம்மருக்கு மூன்று கண். அர்ச்சகர் நாமத்தை விலக்கி ஆரத்தி காட்டினால்தான் மூன்றாவது கண் தெரியும். புகார்க் கடிதமும் அப்படித்தான். மேலே பைலா நம்பர், விலக்கிப் பார்த்தால் நெற்றிக்கண்.

அதை விலக்கும் வித்தைதான் பார்க்க வேண்டியது. கைதேர்ந்த செகரட்டரி யாரையும் "உங்களுக்குள்ள என்ன தகராறு?" என்று கேட்கமாட்டார். "இந்தத் தொந்தரவு எப்போலேர்ந்து சார்?" என்பார். அவ்வளவுதான். தேதி வாயில் வந்ததும் கதையும் வந்துவிடும். "தப்பா எடுத்துக்காதீங்க, நான் பர்சனலா சொல்லல, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே?" என்று பதில் வந்தால் இன்னும் கொண்டாட்டம். "ரொம்பச் சரி! வாங்க, எல்லா மாடியும் ஒரு ரவுண்டு பார்த்துட்டு வருவோம்" என்று எழுந்துவிடுவார். வாசலுக்கு வாசல் செருப்பு ஸ்டாண்ட். புகார் கொடுத்தவர் வீட்டு வாசலில் இரண்டு தட்டு ஸ்டாண்ட், மேலே துளசித் தொட்டி வேறு! "எல்லாருக்கும் ஒரே நோட்டீஸா போட்டுடலாமா சார்?" மறுநாள் காலையில் புகார் வாபஸ்.

ஆனால் ஒன்று. வன்மத்தில் எழுதிய புகார் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. மாடிப்படியை அடைக்கும் ஸ்டாண்ட் உண்மையிலேயே ஆபத்துதான். அதைச் சொன்னவர் வெத்தலை பாக்குக் கோபத்தில் சொன்னால் என்ன? பல கமிட்டிகள் இங்கேதான் சறுக்குகின்றன. ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். காரணத்தைக் காதோடு வைத்துக்கொண்டு, விதியை மட்டும் கையில் எடுக்க வேண்டும்.

விதியும் லேசுப்பட்டதில்லை. அபார்ட்மென்ட்டுகளுக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2022ஆம் ஆண்டின் புதுச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கும் வந்துவிட்டது. மாமி மட்டும் மாறவில்லை. "பில்டர் எனக்குத் தனியா வித்த இடம்" என்று கார் பார்க்கிங்குக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டுவார்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. நாய்ப் புகார் வந்தால், "ஓட்டெடுத்துத் தடை பண்ணிடுவோம்" என்று ஒரு குரல் எழும். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை ஓட்டு விழுந்தாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. கேரள உயர் நீதிமன்றமும் 2021இல் அப்படியேதான் தீர்ப்பளித்தது. நாயைப் பிடிக்காதது வேறு, நாய்க்காரரைப் பிடிக்காதது வேறு, முக்கால்வாசி இரண்டாவதுதான்.

வாட்ஸ்அப் குரூப்பைக் கொஞ்சம் பூட்டி வைப்பதும் நல்லது. நவி மும்பையின் ஸீவுட்ஸ் எஸ்டேட்ஸில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் தகராறு முற்றி, குடியிருப்போருக்குச் சுற்றுக்கு விட்ட ஒரு கடிதம் நீதிபதிகளையே தாக்கியது. 2025 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்புக்கு ஒரு வாரச் சிறை என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. நாய்க்குச் சோறு வைப்பதில் ஆரம்பித்த விஷயம் டில்லி வரை போய் வந்திருக்கிறது பாருங்கள்!

இப்போது மெதுவாகத் திரும்புங்கள். நான்காவது புகாரைப் படிக்கும்போது ஜாயின்ட் செகரட்டரி ஏன் ஜன்னலைப் பார்க்கிறார்? புகார் கொடுத்தவர் அவருடைய மைத்துனர்! நேர்மையான கமிட்டியில் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். மினிட்ஸ் புத்தகத்திலும் அதை எழுதுவார்கள். போகாமல் உட்கார்ந்து நோட்டீஸிலும் கையெழுத்துப் போட்டால் விஷயம் வேறு. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான அசோசியேஷன் என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் பிரிவு 36இன் கீழ் பதிவாளர் விசாரிக்கலாம். மைத்துனர் பாசம் அப்போது அரசாங்க ஃபைலில் ஏறிவிடும்.

இதையெல்லாம் நம் பக்கத்து ஊரிலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். செங்கல்பட்டுக்குத் தென்மேற்கே உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. இரண்டாவது கல்வெட்டின்படி, ஊர்ச் சபையின் வாரியத்துக்கு, அதாவது கமிட்டிக்கு, வருகிறவர் சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், முந்தின மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போட்டுக் குலுக்கும் ஓலையில், அதாவது குடவோலையில், எழுதவே கூடாது. அவருடைய சித்தி பெரியம்மா மக்கள், மாமன், மாமனார், மைத்துனர், மருமகன் பெயரையும் எழுதக் கூடாது. சொந்தபந்தத்தை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பும் நெற்றிக்கண்ணோடு வந்த மாமிகள் இருந்திருப்பார்கள் போல.

உங்கள் அபார்ட்மென்ட்டில் அடுத்த ஏஜிஎம் எப்போது? கமிட்டிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் எல்லோரும் செல்போனைப் பார்ப்பார்கள். நீங்கள் கையைத் தூக்குங்கள், இந்தப் பஜ்ஜிக்காகவாவது. போன கமிட்டியில் கணக்குக் காட்டாமல் இறங்கியவர் உங்கள் மைத்துனராக இருந்தால் மட்டும், தயவுசெய்து வேண்டாம்.