வெள்ளி ரூபா: நல்லதா, கள்ளமா?

நெல்மூடையையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்தபோதும், கொட்டப்பெட்டிக்குள் கிடந்த இரண்டு மூன்று வெள்ளி ரூபாக்களை மடியில் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. விதைநெல்லுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ அதை விற்கப் போகும்போது, "இது கள்ளக் காசு" என்று வியாபாரி முகத்தைச் சுளித்தால் என்ன செய்வது? அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், விலை குறைக்கும் தந்திரமாகவும் இருக்கலாம். ஆகவே கடைக்குப் போகுமுன் நாமே பார்த்துக்கொள்வோம்.

எம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது பிரித்தானிய இந்திய ரூபா. 1872 முதல் இலங்கையின் கணக்கு ரூபா, சதம் என்றானபோது இந்த நாணயமே இங்கும் செல்லுபடியானது. அதன் நிறை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி.

முதலில் நிறுத்துப் பாருங்கள். கைமாறித் தேய்ந்த காசு சற்றுக் குறையும். ஒரு கிராம் குறைந்தால் சந்தேகிக்க வேண்டும். தேய்ந்த காசு நிறை கூடியிருந்தால் அது இன்னும் மோசம். (மாலையில் கோக்க வளையம் ஒட்டிய காசுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.) காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியல்ல. ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் நினைத்துவிடக் கூடாது. ஈயமும் பித்தளையும் கூட ஒட்டுவதில்லை.

அடுத்து விளிம்பு. நல்ல காசு அச்சில் அடிக்கப்பட்டது. கள்ளக் காசு பெரும்பாலும் அச்சுக்குள் உருக்கி வார்க்கப்பட்டது. அடித்த காசின் விளிம்பு வரிகள் நேராக, ஒரே இடைவெளியில் ஓடும். வார்த்த காசிலோ விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும், அல்லது அதை அரத்தால் ராவிய அடையாளம் இருக்கும். முகத்தில் ஊசிமுனைப் பள்ளங்கள் காணப்படும், எழுத்துகள் மழுங்கியிருக்கும். நல்லதென்று தெரிந்த ஒரு காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். இரண்டையும் விரல் நுனியில் நிறுத்தித் தட்டிக் கேளுங்கள். வெள்ளி மணிபோல் நீண்டு ஒலிக்கும், ஈயக் கலப்பு 'டொக்' என்று அடங்கிவிடும்.

ஆண்டையும் வாசிக்கவேண்டும். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். விக்டோரியா காசில் 1876 வரை 'குயின்' என்றும், 1877 முதல் 'எம்பிரஸ்' என்றும் இருக்கும். 1862 காசில் 'எம்பிரஸ்' என்றிருந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

சந்தேகம் தீராவிட்டால் நகைக்கடையின் நுண் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தேயாத வெள்ளிக் காசுக்கு 1.13 கிராம் அளவில் காட்டும். அதே நிறையுள்ள செம்பு நிக்கல் காசு 1.3 கிராம் காட்டும்.

ஒரு விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 1940 முதல் 1945 வரையான ஆறாம் ஜோர்ஜ் ரூபாவில் பாதிதான் வெள்ளி. அது கள்ளக் காசு அல்ல, அரசாங்கமே வெள்ளியைக் குறைத்து அடித்தது. பாதி வெள்ளியின் விலையையாவது கேட்டு வாங்குங்கள்.

விற்கப் போகுமுன் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்கவேண்டாம். பழைய நாணயம் சேர்ப்போர் கறுத்த காசுக்கே கூடுதல் விலை கொடுப்பார்கள்.