குதிரை சக்தியும் உப்புக் காற்றும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்பவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது காட்சி மாறுவதைக் கவனித்திருப்பார்கள். சவுக்குத் தோப்புகள் விலகி வழி விட, கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளப் பாத்திகள் விரிகின்றன. இடையிடையே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரியும் இந்தப் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான். அமைதிக்கும் உழைப்பிற்கும் பெயர் போன கரை இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இந்த அமைதிக்குப் பங்கம் வந்துவிடுகிறது. "புஸ்" என்று பாம்பு சீறுவது போல ஒரு சப்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு கார் கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தச் சீறல் டர்போசார்ஜர் என்னும் கருவியின் அடையாளம். "அப்பா, நம் காரிலும் டர்போ இருக்கிறது. கொஞ்சம் மாற்றி அமைத்தால் இன்னும் இருபத்தைந்து குதிரை சக்தி கிடைக்குமாம்!" என்று வீட்டுப் பிள்ளை சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் பல பெற்றோர்கள் திகைக்கிறார்கள். தெரிந்துகொண்டு பதில் சொல்வது நல்லதல்லவா?

காற்றை ஊட்டும் யந்திரம்

எஞ்சினுக்குப் பெட்ரோல் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் காற்று. அதிகக் காற்று உள்ளே போனால் அதற்கேற்ப அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். அதிக சக்தியும் கிடைக்கும். சாதாரண எஞ்சின் தன் மூச்சுக்குத் தேவையானதைத் தானே உறிஞ்சிக் கொள்கிறது. டர்போ உள்ள எஞ்சினுக்கோ காற்று அமுக்கி ஊட்டப்படுகிறது. புகைக்குழாய் வழியாக வீணாக வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் பொருத்திய இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் இந்த அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்.

இந்த யுக்திக்கு 1905-ல் பேடண்ட் பெற்றவர் ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினியர் ஆல்பிரட் ப்யூகி. 1920-களில் இரண்டு ஜெர்மன் பிரயாணிக் கப்பல்களில் இது பொருத்தப்பட்டபோது, 1,750 குதிரை சக்தி தந்திருக்க வேண்டிய டீஸல் எஞ்சின்கள் 2,500 தந்தன. வீணாய்ப் போன புகையிலிருந்து இவ்வளவு லாபம்!

கார்களுக்கு இது வந்தது 1962-ல், அமெரிக்காவில். அவற்றுள் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற காரின் கதை இன்றைய வாலிபர்களுக்கு நல்ல பாடம். அழுத்தப்பட்ட காற்று சூடேறி எஞ்சினைக் கெடுக்காமல் இருப்பதற்காக, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அந்தக் காரில் தனியே ஊற்றி வைக்க வேண்டும். வாங்கியவர்களில் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். திரவம் தீர்ந்ததும் கார் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொண்டது. புகார்கள் குவிந்தன. முடிவில் கம்பெனியே பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது. கூடுதல் சக்தி வந்தால் கூடுதல் பராமரிப்பும் வரும் என்பதை உலகம் அன்றே கண்டுகொண்டது.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. மாமல்லபுரத்துக்கு அருகே பையனூரில் டர்போ எனர்ஜி என்னும் தமிழ்நாட்டுக் கம்பெனி டர்போசார்ஜர்களை உற்பத்தி செய்கிறது. மரக்காணம் போகிறவர்கள் அதற்கு வெகு சமீபமாகத்தான் கடந்து போகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் தொழிற்சாலையில் தயாராகும் ஐ-20 என்-லைன் கார், ஒரு லிட்டர் கூட இல்லாத எஞ்சினிலிருந்து 120 குதிரை சக்தி தருகிறது. டர்போ இல்லாமல் அந்தச் சிறிய எஞ்சினிடமிருந்து இதை எதிர்பார்க்க முடியாது.

ஆசை தொடங்கும் இடம்

இப்போதைய கார்களில் எஞ்சினை ஆள்வது ஒரு சிறு கணிப்பொறி. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. அதில் பதிந்துள்ள கணக்கை மாற்றி எழுதுவதைத்தான் "ரீமேப்" என்கிறார்கள். திருகு ஒன்றைக்கூடக் கழற்றாமல், சில மணி நேரத்தில், பதினைந்து முதல் முப்பது சதவிகிதம் வரை சக்தி கூடிவிடும். சபலம் தட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கூடுதல் சக்தி எங்கிருந்து வருகிறது? கம்பெனிக்காரர்கள் எல்லாச் சாமான்களிலும் ஓரளவு பலத்தை மிச்சம் வைத்திருக்கிறார்கள். மட்டமான பெட்ரோல், கொளுத்தும் வெயில், தவறிப்போன ஆயில் மாற்றம், ஐந்து பேரும் மூட்டைகளுமாக ஏறும் மலைப்பாதை ஆகியவற்றுக்கென்று ஒதுக்கிய சேமிப்பு அது. ரீமேப் செய்பவர் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார். எடுத்த பின் ஆபத்துக் காலத்துக்கு மிஞ்சுவது குறைவு.

எல்லை மீறினால் முதலில் வருவது "நாக்கிங்" என்னும் தட்டல். தீப்பொறியால் ஒழுங்காகப் பரவவேண்டிய எரிதல், அழுத்தமும் சூடும் தாங்காமல் தாறுமாறாக வெடிப்பதே அது. பிஸ்டனில் விரிசல், உருகிய ஓரம், உடைந்த வளையம் எல்லாம் இதன் விளைவுகள். நேரடியாகப் பெட்ரோலைப் பீச்சும் சிறிய டர்போ எஞ்சின்களுக்கு இன்னோர் அபாயமும் உண்டு. உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தால், தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே அத்தகைய வேளையில் கியரைக் குறைத்துவிட்டு மிதிப்பதே விவேகம்.

மரக்காணத்துக் காற்று சொல்லும் கணக்கு

வெளிநாட்டில் யாரோ செய்து காட்டியதை அப்படியே நம் கடற்கரையில் செய்யலாகாது. ஐரோப்பாவில் 15 டிகிரி உஷ்ணத்தில் இருக்கும் காற்று, இங்கே சித்திரை வெயிலில் 40 டிகிரியில் இருந்தால், ஒரே கன அளவில் சுமார் எட்டு சதவிகிதம் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவை ஈடுசெய்ய டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். காற்று இன்னும் சூடேறும். சூடேறிய காற்றைக் குளிரச் செய்ய ரேடியேட்டர் போன்ற இன்டர்கூலர் ஒன்று வைத்திருக்கிறார்கள். பல கார்களில் அது முன்பக்கத்தில், எதிர்க்காற்று நேரே படும்படி அமைந்திருக்கிறது. அந்த எதிர்க்காற்றில் உப்பு இருந்தால்?

அலுமினியத் தகடுகளின் மேல் உப்பு படிந்து அரிக்கிறது. சந்துகளில் தூசி ஒட்டி அடைக்கிறது. மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூக்கிறது. பிரேக் தட்டுகள் ஓரிரவில் துருவேறுகின்றன. கடற்கரையில் அடிக்கடி பிரயாணம் செய்பவர்கள், திரும்பியதும் எஞ்சின் ஆறிய பிறகு முன்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவவேண்டும். வேகமாகப் பீச்சும் குழாயை இன்டர்கூலர்மேல் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிப் போகும்.

"அதிகக் காற்று வரும்" என்று சொல்லி விற்கப்படும் திறந்த ஃபில்டர்களும் இங்கே யோசிக்கத் தக்கவை. அவற்றில் பல எஞ்சின் அறையின் சூடான காற்றையே இழுக்கின்றன. சற்றுக் கவனம் குறைந்தால் கடற்கரையின் நுண்மணலும் உள்ளே போகும். லட்சம் சுற்றில் சுழலும் சக்கரத்தின் மேல் மணல் பட்டால் என்ன ஆகும் என்று விவரிக்கவும் வேண்டுமா? கம்பெனி கொடுத்த காகித ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதே இந்தக் கரைக்கு உகந்தது.

எங்கே தொடங்குவது?

ஆசையுள்ளவர்கள் தொடங்கவேண்டிய வரிசை இது. முதலில் உள்ள சக்தி முழுவதும் கிடைக்கிறதா என்று பாருங்கள். சரியான தர ஆயிலைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். ஸ்பார்க் ப்ளக், கூலன்ட், காற்றுக் குழாய்களின் இணைப்பு இவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு குழாய்க் கவ்வி தளர்ந்து காற்று கசிந்தாலே எஞ்சின் சோர்ந்துபோகும். அதைக் கவனியாமல் ரீமேப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. வேகமாக வந்தபின், கடைசிக் கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி முடியுங்கள். கொதிக்கும் டர்போவைச் சட்டென்று நிறுத்தினால், உள்ளே நிற்கும் ஆயில் கரிந்து கட்டிப்போகும்.

இரண்டாவது, நிறுத்தும் சக்தி. கம்பெனி குறித்த அளவிலேயே நல்ல டயர்கள், தரமான பிரேக் பேடுகள், புதிய பிரேக் திரவம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. கடற்கரையில் இதை மறப்பது தவறு.

மூன்றாவது, பெட்ரோல். உயர்ந்த ஆக்டேன் உள்ள பெட்ரோல் தட்டலைத் தடுக்கும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் 100 ஆக்டேன் பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சாதாரணப் பெட்ரோலுக்கென்றே கணக்கிட்ட எஞ்சினில் இதை ஊற்றினால் பணம்தான் அதிகம் எரியும்.

இந்த மூன்றும் சட்டத்துக்கு உட்பட்டவை. நான்காவது படியில் சட்டம் குறுக்கே நிற்கிறது.

சட்டமும் பந்தயப் பாதையும்

கம்பெனியின் மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அரசாங்கம் அங்கீகரித்த மாற்று எரிபொருள் கருவி போன்ற சிலவற்றுக்கே, அதுவும் பதிவு அதிகாரியின் அனுமதியுடன், இடமுண்டு. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியின்றித் திருத்தம் செய்யும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசம் அல்லது ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். புகையைச் சுத்தப்படுத்தும் காட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி எறிவது பிறர் சுவாசிக்கும் காற்றுக்குச் செய்யும் துரோகம். கம்பெனியின் வாரண்டி போய்விடக்கூடும். விபத்து நேர்ந்தால், சொல்லாமல் செய்த திருத்தத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும் கூடும். வீடு முழுவதும் சேர்ந்து தவணை கட்டும் காரை வைத்து இத்தனை பந்தயம் கட்டலாமா?

வேகத்தின் மேல் மெய்யான காதல் உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் ராஜபாட்டை வேறு இருக்கிறது. யுத்த கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. கோயமுத்தூரில் கரிவர்தன் அவர்கள், மாருதி 800 எஞ்சினைக் கொண்டே, சாமானியரும் எட்டக்கூடிய செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை 1988-ல் உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சிறிய காரில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் ஆரம்பித்த காரின் எஞ்சின் 796 ஸி.ஸி. மட்டுமே! எஞ்சினைவிட ஓட்டுபவரைப் பண்படுத்துவதே முதல் திருத்தம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பந்தயத்துக்கென்று மாற்றிய காரை வேறொரு வண்டியில் ஏற்றிப் பாதைக்குக் கொண்டுபோவதே முறை.

பாத்தி கற்பிக்கும் பாடம்

மரக்காணத்து உப்பளத் தொழிலாளி கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் இறுகவைத்து, அதன் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் அறிந்து வேலை செய்கிறார். மூன்று டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் கடல்நீர் இருபத்தைந்தை எட்டியதும் உப்பு பூக்கத் தொடங்குகிறது. முப்பதை நெருங்கியதும் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் கிடைக்குமே என்று விட்டுவைத்தால் மக்னீஷியக் கசப்பு இறங்கி, நல்ல உப்பையும் கெடுத்துவிடும்.

எஞ்சினுக்கும் இதே நியாயம்தான். அளக்காமல் ஏற்றிய சக்தி கசப்பாகவே முடியும். உப்பளத்தில் வெயிலுக்கு முன்னே வேலையைத் தொடங்க, விடியுமுன் சைக்கிளிலும் கால்நடையாகவும் இந்தச் சாலையைக் கடக்கிறவர்கள் அநேகர். நம் சமையலறைக்கு உப்புத் தரும் கைகள் அவர்களுடையவை. இருபத்தைந்து குதிரை சக்தி கூடுதலாக வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம், அவர்களில் ஒருவர் திடீரென்று சாலையில் குறுக்கிட்டால் எத்தனை அடிக்குள் காரை நிறுத்துவாய் என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் வந்த பிறகு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.