தொண்டுக்கும் நிதி வேண்டும்: சட்டசபைக்கு ஊரார் எடுத்துரைக்கும் முறை

ஊர்ப் பணிக்கு ஆட்கள் முன்வந்துவிட்டால் போதும், பணம் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஐம்பது மாணவர்கள் ஓர் ஊருக்கு வந்து ஏழு நாள் தங்கி உழைப்பதென்றால் உணவு, தங்குமிடம், மண்வெட்டி, கூடை, முதலுதவி மருந்து, வழிகாட்டும் ஆசிரியர் ஆகிய அனைத்தும் வேண்டும். உழைப்பை அவர்கள் கூலியின்றி அளிக்கலாம். அவ்வுழைப்பை ஒழுங்கு செய்வதற்குச் செலவு உண்டு. அச்செலவுக்குரிய நிதியை ஒதுக்கும் அதிகாரம் நாம் தேர்ந்தெடுத்த பாராளுமன்றத்திடமும் சட்டசபையிடமும் இருக்கிறது. அவற்றின் உறுப்பினர்களிடம் எதனை, எப்பொழுது, எவ்வாறு எடுத்துரைப்பது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

இருபது ஆண்டுகள் காத்திருந்த திட்டம்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் வரலாறு இவ்விஷயத்தில் நமக்கு நல்ல பாடமாகும். டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948ஆம் ஆண்டு அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமே விரும்பி நாட்டுப் பணியில் ஈடுபட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் சி. டி. தேஷ்முக் தலைமையில் 1959ஆம் ஆண்டில் அமைந்த குழு, மாணவர் அனைவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகப் பணி செய்ய வேண்டும் என்று கூறியது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் செலவு மிகுதி, நடத்துவது கடினம் என்னும் காரணங்களால் அது ஏற்கப்படவில்லை.

அடுத்து, பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே. ஜி. சையதைன், கட்டாயமின்றிச் சிறு அளவில் சோதித்துப் பார்க்கலாம் என்று யோசனை கூறினார். கோத்தாரி கல்விக் குழுவும் மாணவர் தொண்டை வலியுறுத்தியது. இறுதியில் நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், மத்திய கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

முதற் பரிந்துரைக்கும் முதல் நிதிக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அனைவரையும் ஒரே சமயத்தில் உட்படுத்த எண்ணிய பெருந்திட்டம் செலவுக் கணக்கின் முன் நிற்க இயலவில்லை. அளவிற் சிறியதாய், விருப்பத்தை அடிப்படையாகக் கொண்டதாய், செலவு இன்னதென்று சொல்லக்கூடியதாய் வந்த திட்டமே ஒப்புதல் பெற்றது.

கடம்பத்தூர் காட்டிய வழி

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டில் பள்ளி மதிய உணவு முதலில் ஊராரின் நன்கொடையைக் கொண்டே நடைபெறலாயிற்று. ஊர்கள் அரிசியும் காய்கறியும் விறகும் கொடுத்து நடத்திக் காட்டிய பின்னரே, 1957ஆம் ஆண்டில் அரசு மானியம் வழங்க முன்வந்தது. பத்துப் பங்கு செலவில் ஆறு பங்கை அரசும் நான்கு பங்கை ஊரும் ஏற்பதென்பது ஏற்பாடு. 1958ஆம் ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலாகக் கூடியது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய இம்மாநாடுகளில், பள்ளிக்கு வேண்டுவன யாவை என்று பட்டியலிட்டு, அவற்றை ஊரார் பொறுப்பேற்றுச் செய்தனர்.

இன்று நடைமுறையிலுள்ள நமக்கு நாமே திட்டத்திலும், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையேனும் மக்கள் செலுத்த வேண்டும் என்பதே விதி. 2017ஆம் ஆண்டில் நூறு கோடி ரூபாயில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் பாசனதாரர்களின் பங்கு பத்து விழுக்காடு. ஊர் தன் பங்கை முன்வைக்கும்போது அரசின் கையும் நீள்கிறது என்பதற்கு இவை யாவும் எடுத்துக்காட்டுகளாகும்.

கேட்க வேண்டிய காலம்

உரிய காலத்தில் கேளாத கோரிக்கை அறுவடை முடிந்தபின் பாய்ச்சிய நீரைப் போன்றது. வரவு செலவுத் திட்டம் சட்டசபைக்கு வந்தபின், மானியக் கோரிக்கையை உறுப்பினர் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். அதைக் கூட்டுவதற்கு அரசியலமைப்பின் 203ஆம் பிரிவு இடந்தரவில்லை. ஆளுநரின் பரிந்துரையின்றி எந்த மானியக் கோரிக்கையும் அவையில் வைக்கப்படலாகாது. பாராளுமன்றத்திலும் முறை இத்தகையதே. ஆதலால், துறைகள் தம் மதிப்பீடுகளைத் தயாரிக்கும் காலத்திலேயே உறுப்பினர் அமைச்சரிடம் பேசியாக வேண்டும். மத்திய வரவு செலவுத் திட்டம் 2017 முதல் பிப்ரவரி முதல் நாளில் வைக்கப்படுகிறது. அதற்கான மதிப்பீட்டு வேலைகள் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே நடந்துவிடுகின்றன.

நம் கிராம சபைகள் கூடும் நாட்களுள் ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை இப்பணிக்கு மிக ஏற்றவை. அக்கூட்டங்களில் நிறைவேறும் தீர்மானத்தின் நகல் உடனே உறுப்பினர் கையில் சேருமாயின் பயன் உண்டு. யாரிடம் எதைக் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்திற்கு முன்பு மத்திய அரசு ஏழு பங்கும் மாநில அரசு ஐந்து பங்கும் அளித்தன. 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசே மானியம் முழுவதையும் ஏற்றுள்ளது. ஆகவே இதுபற்றிப் பாராளுமன்ற உறுப்பினரை அணுகுவதே முறை. அவருடைய தொகுதி வளர்ச்சி நிதியைத் தொண்டர்களின் உணவுக்கும் பயணத்திற்கும் கேட்பதிற் பயனில்லை. அந்நிதி நிலையான பொதுச் சொத்துக்களை உருவாக்குவதற்கே உரியது.

பெருங்குடியை முன்வைத்து ஒரு கணக்கு

உறுப்பினரிடம் கொண்டு செல்லும் விண்ணப்பத்தில் புகழுரை குறைவாகவும் கணக்கு நிறைவாகவும் இருத்தல் வேண்டும். பெருங்குடியை எடுத்துக்கொள்வோம். முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், பேரூராட்சியாக வளர்ந்து, 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. அதன் நீர் ஒக்கியம் மடுவின் வழியே வடிந்தாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இப்பகுதி வெள்ளத்தால் துன்புற்றது. அடையாறு, தரமணி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலோ கல்லூரிகள் பல உள்ளன.

நாட்டு நலப்பணிக் குழு ஒன்றில் வழக்கமாக 100 மாணவர் இருப்பர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். பயிற்சிக்கும் கல்லூரி வளாகப் பணிக்கும் போக, ஊர்ப் பணிக்கு உரியது 70 மணி. நூறு பேருக்கு 7,000 மணி. நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் 875 ஆள்நாள். ஏழு நாள் சிறப்பு முகாமில் 50 பேர் கலந்துகொண்டால் மேலும் 350 ஆள்நாள். ஆகமொத்தம் ஒரு குழுவிடமிருந்து ஆண்டுக்கு 1,225 ஆள்நாள் உழைப்பு கிடைக்கக்கூடும்.

இவ்வுழைப்பால் ஆவது யாது? மடுவைத் தூர்வாருவது இயந்திரமும் அரசுத் துறையும் செய்ய வேண்டிய வேலை. எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று மழைக்கு முன் நடந்து பார்த்துக் குறிப்பது, முதியோரும் நோயாளரும் உள்ள வீடுகளைப் பட்டியலிடுவது, வெள்ள நாளில் உணவைப் பங்கிட்டுக் கொடுப்பது ஆகியவை பழகிய தொண்டர்களால் ஆகும். வெள்ளம் வந்தபின் ஓடிவரும் அன்பு போற்றத்தக்கது. வெள்ளத்திற்கு முன்பே தெருவை அறிந்து வைத்திருக்கும் அன்பு உயிரைக் காக்கும். அதற்கு ஆண்டுதோறும் தவறாத சிறு நிதி தேவை. இதே கணக்கை எந்தக் கிராமமும் தன் ஏரி, வரத்துக் கால்வாய், பள்ளி ஆகியவற்றுக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: செய்ய வேண்டிய வேலை இன்னது, அதற்கு ஆகும் செலவு இவ்வளவு, ஊர் ஏற்கும் பங்கு இவ்வளவு, சென்ற ஆண்டு முடித்த வேலை இது. நான்காவது செய்தியே உறுப்பினருக்கு மிகவும் உதவும். அவையில் எழுந்து பேசுகையில் அவர் சான்றாகக் காட்டத்தக்கது அதுவே.

இரண்டு எச்சரிக்கைகள்

கூலி வேலைக்கு உரியதைத் தொண்டு என்று பெயரிட்டு, ஏழைத் தொழிலாளியின் நாட்கூலியைக் குறைத்தல் ஆகாது. கட்டாயப்படுத்துதலும் கூடாது. குடிமராமத்தின் பெயரால் கட்டாய உழைப்பு வாங்க 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றினர். ஆயினும் மனம் ஒப்பி வந்த கையே ஏரிக்கரையைக் காக்கும் என்பதை நம் விவசாயிகள் அறிவர்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் மரபு. வடத்தைப் பிடிக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம் என்பதைத் தீர்மானமாகவும் கணக்காகவும் எழுதி, உரிய காலத்தில் நம் பிரதிநிதிகளிடம் சேர்ப்போமாக. அடுத்த கிராம சபையின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளையும் ஒன்றாகச் சேர்க்குமாறு பஞ்சாயத்துகளைக் கேட்டுக்கொள்கிறோம்.