தடித்த டயரும் சிறுபத்திரிகையும்

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால், பசிபிக் கடலுக்கும் வளைகுடாவுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும் மரின் மாவட்டத்தில், டமல்பையஸ் மலைக்கு வடபுறமாக, ஃபேர்ஃபாக்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மலைப்பாதைகளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டு இன்று உலகமெங்கும் விற்பனையாகும் மலைச்சைக்கிளின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போகிறவர் எவரும் கடைசியில் இந்த ஊருக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கும். அந்த வண்டியைச் சிருஷ்டித்தவர்களின் கீர்த்தி இதற்குள் எங்கும் பரவிவிட்டது. ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக 1980 முதல் 1987 வரை நடத்திய, 'ஃபேட் டயர் ஃபிளையர்' என்ற சிறுபத்திரிகையைப் பற்றிய பேச்சு அபூர்வமாகவே எழுகிறது. மலைச்சைக்கிளுக்கென்றே தோன்றிய முதல் பத்திரிகை அது. ஒரு சிலரின் பொழுதுபோக்கு எந்தக் கட்டத்தில் ஒரு சமூகத்தின் வாழ்க்கையாக மாறுகிறது, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவனுக்குத் தன் பத்திரிகையிடம் அப்படியென்ன பந்தம் என்ற கேள்விகளுக்கு, பெரிய ஸ்தாபனங்களின் சரித்திரத்தைவிட இந்தச் சிறுபத்திரிகையின் சரித்திரமே தெளிவான விடை சொல்லும்.

கதை பத்திரிகைக்கு முன்பே ஆரம்பமாகிறது. 1970-களில் மரின் வாலிபர்கள் சிலர், அவர்களில் பலர் தார்ச்சாலைப் பந்தயங்களில் மெல்லிய டயர் பூட்டிய நேர்த்தியான சைக்கிள்களை ஓட்டிப் பழகியவர்கள், பழைய சாமான் கடைகளிலும் கொட்டகைகளிலும் துருப்பிடித்துக் கிடந்த, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஷ்வின் கம்பெனி வண்டிகளை அற்ப விலைக்கு வாங்கி, மட்கார்டு முதலிய அலங்காரங்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மலையிலே தீயணைப்புக்காக வெட்டப்பட்டிருந்த மண்பாதைகளில் உருட்டிவிடத் தொடங்கினார்கள். அந்த வண்டிகளின் டயர் தடித்தது, ஃபிரேம் கனத்தது, ஒரே கியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் பிடிக்கும் ஒரே பிரேக்.

ஃபேர்ஃபாக்ஸுக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்கும் ஒரு பாதையில் இந்த பிரேக் பட்ட பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். செங்குத்தான வளைவுகளில் இடைவிடாமல் பின்மிதி மிதித்துக்கொண்டே இறங்கும்போது, உராய்வின் உஷ்ணம் ஹப்புக்குள் அடைத்திருந்த கிரீஸை உருக்கிப் புகையாக வெளியேற்றிவிடும். வண்டி அடிவாரத்தை எட்டுகையில் பின்சக்கரம் புகைந்துகொண்டிருக்கும். அடுத்த இறக்கத்துக்கு முன் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தே தீர வேண்டும். அந்த வேலையை வைத்தே பாதைக்கு 'ரீபேக்', அதாவது மறுபடி அடைத்தல், என்று பேர் நிலைத்துவிட்டது.

1976 அக்டோபர் 21 அன்று, யார் வேகமானவன் என்ற ஓயாத வாக்குவாதத்துக்கு ஒரு முடிவு காண்பதற்காக, இந்த ரீபேக் பாதையில் முதற்பந்தயம் நடந்தது. ஒவ்வொருவராக இடைவெளி விட்டு இறங்க வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர் நேரம் பார்க்க வேண்டும். அன்று இறங்கியவர்களில் விழாமல் வந்து சேர்ந்த ஒரே மனிதரான ஆலன் பாண்ட் வெற்றி பெற்றார். அவ்வளவோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் தோற்றவர்கள் மறுபடியும் ஒரு சந்தர்ப்பம் கேட்டார்கள், அதற்கடுத்தும் கேட்டார்கள். 1984 வரையில் மொத்தம் 24 பந்தயங்கள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று வருஷங்களுக்குள் நடந்தவை. கேரி ஃபிஷர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கியதும், அவருக்கு இரண்டே விநாடி பின்னால் ஜோ பிரீஸ் நின்றதும் இன்றுவரை அழியாத கணக்குகள்.

அழியாததற்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். பந்தயங்களை நடத்தியவர் சார்லி கெல்லி. ஃபிஷருடன் ஒரே வீட்டில் குடியிருந்தவர். சங்கீதக் குழு ஒன்றின் வாத்தியங்களையும் சாமான்களையும் ஊர் ஊராகச் சுமந்து சென்று மேடையில் ஏற்றி இறக்குவது அவருடைய ஜீவனோபாயம். ஓட்டியவர் ஒவ்வொருவரின் பெயரையும் நேரத்தையும் அவர் தம் கைப்பட எழுதி வைத்தார். பரிசுப் பணம் கிடையாது, கைதட்டக் கூட்டமும் இல்லை. இருந்தும் பந்தயம் முடிந்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் புழுதியும் முழங்கையில் சிராய்ப்புமாக ஒவ்வொருவரும் அந்த நோட்டைச் சூழ்ந்துகொண்டார்கள் என்றால், தன் நாலரை நிமிஷ சாகசத்துக்கு ஒரு சாட்சி வேண்டும் என்ற மனிதனின் ஆதி ஆசையைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்வதற்கில்லை. மலையில் தனியாக இறங்குகிறவனுக்கு ஆனந்தம் உண்டு. ஆனால் எந்த வளைவில் சக்கரம் வழுக்கியது, எந்தக் கல்லில் வண்டி துள்ளியது என்று சொன்னால், அந்த வளைவையும் கல்லையும் தானும் அறிந்தவனாகிய ஒருவன் கேட்டுத் தலையசைத்தால்தான் அந்த ஆனந்தம் பூர்த்தியாகிறது.

'ஃபேட் டயர் ஃபிளையர்' அந்த நோட்டுப் புத்தகத்தின் வாரிசு. இதற்கிடையில் உலகம் சும்மா இருக்கவில்லை. 1977-இல் ஜோ பிரீஸ், பழைய வண்டிகளை நம்பியிராமல், குரோமோலி எஃகுக் குழாய்களைக் கொண்டு மலைக்கென்றே புது ஃபிரேம் செய்தார். அவ்வரிசையில் முதல் வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. 1979-இல் ஃபிஷரும் கெல்லியும் கூட்டாக, டாம் ரிட்சி செய்து கொடுத்த ஃபிரேம்களைக் கொண்டு, 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு சின்ன வியாபாரம் தொடங்கினார்கள். அதே ஆண்டில் 'பைசைக்கிளிங்' பத்திரிகையில் கெல்லி எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஆயினும் தார்ச்சாலை வாசகர்களுக்காக நடக்கும் பெரிய பத்திரிகையில் இவர்களுக்குக் கிடைக்கக்கூடியது விருந்தாளியின் ஆசனமே. விருந்தாளி தன்னைப் பற்றிப் பிறருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லலாமே தவிர, தன் வீட்டுப் பாஷையில் பேச முடியாது.

அந்தப் பாஷையில் பேசுவதற்கே 1980-இல் கெல்லியும் டெனிஸ் காரமாக்னோவும் தங்கள் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். முதல் இதழ்கள் நகல் யந்திரத்தில் எடுத்த சில பக்கங்களே. பண்டிதத்தனமான கம்பீரம் எதுவும் அதில் கிடையாது. பரிகாசமும் கேலிச்சித்திரமும் தாராளமாக இருந்தன. தலையங்கம் எழுதுகிறவரும் தபால் தலை ஒட்டுகிறவரும் வேறு வேறு மனிதர்களாக இருப்பதில்லை என்பது எந்தச் சிறுபத்திரிகைக்கும் உரிய லட்சணம். அதைவிட விசேஷமான லட்சணம், எழுதுகிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் இடையே வேலி இல்லாமல் இருப்பது. இந்த இதழில் வாசகனாக இருந்தவன் அடுத்த இதழில் எழுத்தாளனாகிவிடலாம். அதற்கு அவனுக்கு வேண்டியிருந்த ஒரே யோக்கியதை, மலையில் ஓட்டியிருப்பதுதான்.

இத்தகைய தொடர்பு தூரத்து மனிதர்களை எப்படிப் பிணைக்கும் என்பதற்கு கொலராடோ மாகாணத்தின் கிரெஸ்டட் பியூட் ஊர் ஒரு திருஷ்டாந்தம். 1976-ஆம் வருஷம் ஆஸ்பென் நகரத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் சிலர் மலையேறி வந்து அவ்வூர் மதுக்கடை வாசலில் ஜம்பமாக வண்டிகளை நிறுத்திவிட, ரோஷம் பொறுக்காத உள்ளூர்க்காரர்கள், தாங்கள் ஊருக்குள் சவாரி செய்யும் ஓட்டை சைக்கிள்களிலேயே, ஏறத்தாழ 12,700 அடி உயரமுள்ள பேர்ல் கணவாயைத் தாண்டி ஆஸ்பெனுக்குப் போய்ப் பதில் மரியாதை செய்துவிட்டு வந்தார்கள். வேடிக்கையாகத் தொடங்கிய அந்த யாத்திரை ஒரு தடவையோடு நின்றுபோயிருக்கும். ஆனால் செய்தி மரினை எட்டிற்று. 1978-இல் கெல்லி, ஃபிஷர், பிரீஸ், மைக்கேல் காஸ்டெல்லி, ரீபேக் நாட்களைத் தம் காமிராவில் பதிவு செய்துவந்த வெண்டி கிராக் ஆகிய ஐவர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். தங்களைப் போலவே இன்னொரு மலையிலும் பைத்தியக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கண்டதும் இரு ஊராருக்கும் உத்ஸாகம் பிறந்து, யாத்திரை வருஷாந்தர வழக்கமாயிற்று. அன்று அந்த ஐவர் நேரில் போய்ச் செய்த காரியத்தை, இரண்டு வருஷத்துக்குப் பின் தோன்றிய பத்திரிகை, தபால்பெட்டியின் மூலம் வருஷக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் இவனைக் கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊரில், தன்னந்தனியே தடித்த டயர் வண்டியை ஓட்டும் வாலிபனுக்கு அந்த மெல்லிய காகிதக் கட்டு என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமல்ல.

சமூகம் என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அதற்கு உரிமைகள் மட்டும் அல்ல, கடமைகளும் ஏற்படுகின்றன. டமல்பையஸ் மலையில் நடைப்பிரயாணம் செய்வோரும் குதிரைச் சவாரி செய்வோரும் இந்தப் புதிய வேகத்தைக் கண்டு கோபமுற்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகன்ற மண்பாதைகளில் மணிக்கு 15 மைல் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. சிதறிக் கிடக்கும் நூறு பேருக்காக அதிகாரிகளிடம் வாதாட ஒருவரும் இல்லை. அந்த நூறு பேரைக் கண்டிக்கவும் ஒருவரும் இல்லை. பந்தயங்களுக்கு விதிமுறை வகுக்க 1983-இல் ஒரு தேசியச் சங்கமும், பாதை உரிமைக்காக 1988-இல் கலிபோர்னியா சங்கங்கள் சேர்ந்து அமைத்த சர்வதேச மலைச்சைக்கிள் சங்கமும் தோன்றியதற்கு, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிந்த ஒரு கூட்டம் முன்னாலேயே உருவாகியிருந்தது முக்கியமான காரணம். அப்படி அறிந்துகொள்வதற்கு இடம் கொடுத்தவற்றில் அந்தச் சிறுபத்திரிகையும் ஒன்று.

1987-இல் பத்திரிகை நின்றுவிட்டது. நடத்தியவர்கள் இருவரும் பிரிந்தார்கள். வழவழப்பான காகிதமும் கம்பெனி விளம்பரங்களும் பெருமூலதனமும் கொண்ட பத்திரிகைகள் இதற்குள் களத்தில் இறங்கியிருந்தன. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச்சைக்கிள் பந்தயம் சேர்க்கப்பட்டபோது, எந்த இயக்கத்தை அந்தச் சிறுபத்திரிகை தூக்கி வளர்த்ததோ அந்த இயக்கம் உலகப் பிரசித்தி அடைந்துவிட்டது. பெரிய பத்திரிகைகளை நான் குறை கூறவில்லை. எந்த டயர் நல்லது, எந்த வண்டி என்ன விலை என்று அவை சொல்வது உபயோகமான சமாசாரம்தான். ஆனால் வாங்குகிறவனுக்கு ஆலோசனை கூறுவது வேறு. ஓட்டுகிறவனோடு சம்பாஷிப்பது வேறு. முன்னதற்கு வாசகர் ஒரு சந்தை. பின்னதற்கு அவர்கள் ஒரு சபை.

2014-இல் கெல்லி தம் நினைவுகளைப் புத்தகமாக எழுதியபோது அதற்கும் 'ஃபேட் டயர் ஃபிளையர்' என்றே பெயரிட்டார். பந்தயமும் வியாபாரமும் அவர் பார்த்துவிட்டார். எனினும் தலைப்புக்கு அவர் தேர்ந்தது பத்திரிகையின் பெயரைத்தான். ஏழு வருஷம் நடந்து நின்றுபோன ஒரு சிறு பத்திரிகை தோல்வியுற்றது என்று கணக்குப் பார்ப்பவர்கள் சந்தாத் தொகையை மட்டும் எண்ணுகிறவர்கள். சந்தா கட்டியவன் அதற்கு ஈடாகப் பெற்றுக்கொண்டது, தன் அனுபவத்தைச் சொன்னால் விளக்கவுரை கேட்காமல் புரிந்துகொள்ளும் சிலர் எங்கோ இருக்கிறார்கள் என்ற நிச்சயம். எந்தத் துறையிலும் மனிதர்கள் சங்கம் சேர்வதும், பத்திரிகை நடத்துவதும், கைநஷ்டப்பட்டாலும் அடுத்த இதழுக்கு முயல்வதும் அந்த நிச்சயத்துக்காகத்தான்.