வேண்டாம் என்றது யார்?

லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கிறது. திரையின் மூலையில் பிளக் படம்கூடத் தெரிகிறது. ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை. அரை மணி நேரம் முன்பு பார்த்த அதே எண்தான். அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனால், இணைப்பு இருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. "பேட்டரி போச்சு, புதுசு வாங்கணும்" என்று வீட்டில் யாராவது சொல்வதற்குள் நாம் கொஞ்சம் துப்பறிந்து பார்க்கலாமா?

அந்த ஒரு வரியிலேயே இரண்டு செய்திகள் இருக்கின்றன. மின்சாரம் லேப்டாப்பின் வாசல்வரை வந்துவிட்டது. பேட்டரிக்குள் போகவில்லை. அப்படியானால் வழியில் யாரோ 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிளக் படமே வரவில்லை என்றால் அது வேறு கதை, சுலபமான கதையும்கூட. ஸ்விட்ச் போட்டிருக்கிறதா? அதே பாயிண்டில் வேறு பொருள் வேலை செய்கிறதா? சுவரிலிருந்து வரும் தடித்த ஒயர் அடாப்டருக்குள் நுழையும் இடத்தை ஒருமுறை அழுத்திவிடுங்கள். பையில் வைத்து எடுக்கும்போது அது லேசாகக் கழன்றிருக்கும். பலரும் பார்க்க மறக்கும் இடம். லேப்டாப்பின் சார்ஜிங் துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஆனால் குண்டூசியால் கிண்டாதீர்கள். ஒயர் பிய்ந்து உள்ளே செம்பு தெரிந்தால் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். சுவரில் இருப்பது 230 வோல்ட்.

அந்த 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவதுதான் அடாப்டரின் வேலை. அதன் முதுகில் பொடி எழுத்தில் எல்லாம் அச்சடித்திருக்கும். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: ஏறக்குறைய 65 வாட். உங்கள் லேப்டாப் 65 வாட் கேட்கும்போது நீங்கள் செருகியது அக்காவின் 45 வாட் அடாப்டராக இருந்தால், வருகிற மின்சாரம் திரைக்கும் பிராசசருக்குமே சரியாகிப் போகலாம். பேட்டரிக்கு மிச்சமில்லை.

யூஎஸ்பி-சி சார்ஜர்களில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. செருகியதும் 20 வோல்ட் பாய்ந்துவிடாது. முதலில் 5 வோல்ட் மட்டும் வரும். அதற்குள் சார்ஜரும் லேப்டாப்பும் ஒயர் வழியே பேசிக்கொள்ளும்: உன்னால் எவ்வளவு தர முடியும், எனக்கு எவ்வளவு வேண்டும் என்று. பேச்சு முடிந்த பிறகுதான் 9, 15, 20 என்று வோல்ட் உயரும். சின்ன போன் சார்ஜரைச் செருகினால் சில லேப்டாப்கள் மெதுவாக ஏற்றிக்கொள்ளும். சில 'இது போதாது' என்று ஒதுக்கிவிடும்.

சரியான அடாப்டர்தான் போட்டிருக்கிறோம், அப்போதும் ஏறவில்லை என்றால்? இப்போது, அசையாமல் நிற்கும் அந்த எண்ணைப் பாருங்கள். அதுதான் நல்ல துப்பு.

60 அல்லது 80 சதவீதத்தில் நிற்கிறதா? பெரும்பாலும் அது பழுதே இல்லை. பேட்டரி நீண்ட நாள் உழைக்கட்டும் என்று 60-க்கோ 80-க்கோ மேல் ஏற்றாமல் நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் உண்டு. செட்டிங்ஸில் அதை யாரோ போட்டு வைத்திருப்பார்கள். 96, 97-இல் நின்றாலும் கவலை இல்லை. துளி குறைந்ததும் மறுபடி ஏற்றிக்கொண்டே இருந்தால் பேட்டரி தேயும் என்பதால், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று சில லேப்டாப்கள் காத்திருக்கும்.

40, 50 என்று நடுவில் நிற்கிறது, அடிப்பக்கம் சுடுகிறது என்றால் சந்தேகம் சூட்டின் மேல் விழ வேண்டும். மெத்தையில் வைத்து கேம் விளையாடினால் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். லித்தியம் அயனி பேட்டரியைச் சுமார் 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்வது நல்லதல்ல. பேட்டரிக்குள்ளேயே உட்கார்ந்து வெப்பத்தையும் வோல்ட்டையும் அளந்துகொண்டிருக்கும் ஒரு சிப், அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடும். 'வேண்டாம்' என்ற ஆள் பெரும்பாலும் இந்தச் சிப்தான்!

அது குளிருக்கும் பயப்படும். காரணம் அழகானது. பேட்டரியின் ஒரு பக்கம் கிராஃபைட், அதாவது பென்சில் முனையில் இருக்கும் அதே பொருள். மெல்லிய அடுக்கடுக்காக இருக்கும். நோட்டுத் தாள்களுக்கு நடுவே மயிலிறகு செருகி வைப்பீர்களே, அப்படி லித்தியம் அயனிகள் சார்ஜ் ஆகும்போது அந்த அடுக்குகளுக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அவற்றால் சீக்கிரம் உள்ளே நுழைய முடியாது. வெளியிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். சென்னையில் இந்தத் தொல்லை கிடையாது; லடாக்கின் குளிர்காலத்தில் உண்டு.

உலோக லித்தியம் படிந்தால் என்ன? 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த பேட்டரியில் உலோக லித்தியமே இருந்தது; தீப்பிடிக்கும் ஆபத்து அதைத் துரத்தியது. 1980-இல் ஜான் குட்இனஃப் பேட்டரியின் மறுபக்கத்துக்கு கோபால்ட் ஆக்சைடு ஏற்றது என்று கண்டுபிடித்தார். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, உலோக லித்தியத்தை எடுத்துவிட்டு கார்பன் பொருளை வைத்தார். 1991-இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு. குட்இனஃபுக்கு அப்போது வயது 97! யோஷினோ வெளியேற்றிய ஆபத்து குளிரில் திரும்ப நுழையாமல் சிப் காவல் காக்கிறது.

சூடுதான் காரணமா என்று சோதிப்பது எளிது. லேப்டாப்பை அணைத்து, மேசை மேல் வைத்து ஆறவிடுங்கள். பிறகு அணைத்த நிலையிலேயே சார்ஜ் போடுங்கள். ஏறினால் குற்றவாளி சூடு அல்லது போதாத அடாப்டர். ஏறாவிட்டால், அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்னூட்டம் வடிந்து, சார்ஜிங்கை மேய்க்கும் சிப் புதிதாகத் தொடங்கும். பல லேப்டாப்களில் இது பலிக்கும்.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பாகம் உப்பியிருந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். உள்ளே பேட்டரியில் வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்து, பெரியவர்களிடம் சொல்லி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

கடைசியாக, பூஜ்ஜியத்தில் நிற்கும் லேப்டாப். மாதக்கணக்கில் பீரோவில் கிடந்ததா? பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல்லின் வழக்கமான அளவு 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. அது 2.5-க்கும் கீழே வெகுவாக இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். அதனால் சிப் முதலில் துளித் துளியாக மின்சாரம் விட்டுப் பார்க்கும். செல் எழுந்தால் சரி, எழாவிட்டால் நிரந்தரமாகப் பூட்டிவிடும். அப்போது புதுப் பேட்டரிதான் வழி. கோடை விடுமுறையில் லேப்டாப்பை எடுத்து வைப்பதாக இருந்தால், பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், நடுவில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.