தடையும் நடையும்

ஓடும் ஊர்தி எதுவாயினும் அதற்கு இரண்டு திறன்கள் இன்றியமையாதவை. ஒன்று, விரைந்து செல்லும் திறன். மற்றொன்று, வேண்டியபோது நிற்கும் திறன். முன்னதைக் கண்டு வியப்போர் பலர். பின்னதை எண்ணிப் பார்ப்போர் சிலர். ஆயினும், நிற்க இயலாத வண்டியை விரைவாக ஓட்டுவதற்கு எவரும் துணியார். மோட்டார் வண்டியை நிறுத்தும் கருவிக்குப் பிரேக் என்று பெயர். அக்கருவி வளர்ந்த வகையையும், பழைய பந்தய வகைக் கார்களில் அதனை மாற்றியமைப்போர் கருத்திற் கொள்ள வேண்டுவனவற்றையும் இங்குக் காண்போம்.

ஓடும் வண்டியிடத்தே இயக்க ஆற்றல் உள்ளது. ஆற்றலை அழிக்க இயலாது. ஒரு வடிவினின்று மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும். பிரேக் செய்யும் வேலை இதுவே. உராய்வின் வாயிலாக அது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றிலே கலக்கவிடுகிறது. 1000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அதனை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இருமடங்கானால் வெப்பமோ நான்கு மடங்காகும். ஆகவே, நல்ல பிரேக் என்பது வெப்பத்தைத் தாங்கவும், விரைவில் வெளியேற்றவும் வல்லதாக இருத்தல் வேண்டும்.

கார்களில் நெடுங்காலம் வழங்கியது டிரம் பிரேக் ஆகும். டிரம் என்பது முரசு போன்ற வடிவுடைய வார்ப்பிரும்புக் கலம். அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதனுள்ளே பிறை வடிவில் இரண்டு துண்டுகள் சுழலாது நிற்கும். இவற்றை ஷூ என்பர். ஓட்டுநர் மிதியை அழுத்தியதும், குழாய்களில் நிறைந்துள்ள திரவம் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. சிறிய உருளைகளிலுள்ள பிஸ்டன்கள் வெளிப்போந்து ஷூக்களை விரிக்கின்றன. அவற்றின்மேல் ஒட்டிய லைனிங் டிரம்மின் உட்புறத்தை உராய, வண்டியின் வேகம் தணிகிறது.

இவ்வமைப்பில் ஒரு நயம் உண்டு. சுழலும் டிரம், முன்னணியில் உள்ள ஷூவைத் தன்னோடு இழுத்து, மேலும் இறுக்கமாகத் தன்மீது பொருந்தச் செய்கிறது. அதனால் ஓட்டுநர் சிறிது அழுத்தினாலும் மிகுந்த தடை கிட்டுகிறது. ஆனால் குறையும் உண்டு. உராய்வு நிகழ்வது மூடிய கலத்தினுள்ளே ஆதலின், வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது. லைனிங்கும் தன் பற்றுந்தன்மையை இழக்கிறது. நீண்ட மலைச்சரிவில் மீண்டும் மீண்டும் பிரேக்கை அழுத்தினால், மிதி கீழே செல்லச் செல்லத் தடை குறைந்துகொண்டே வரும்.

இக்குறையை நீக்கியது டிஸ்க் பிரேக். மிதிவண்டியின் சக்கர வளையத்தை இருபுறமும் ரப்பர்க் கட்டைகள் கவ்வி நிறுத்துவதைப் பலரும் கண்டிருப்பர். டிஸ்க் பிரேக்கின் தத்துவமும் அதுவே. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு ஒன்றைக் காலிப்பர் என்னும் கவ்வியிலுள்ள இரண்டு பேடுகள் இருபுறமும் நெருக்கிப் பிடிக்கின்றன. தட்டு வெளிக்காற்றில் இருப்பதால் விரைவிற் குளிர்கிறது. மழைநீர் படிந்தாலும் சுழற்சியால் சிதறிப் போகிறது. சூடேறித் தட்டு தடித்தாலும் அது பேடுகளை நோக்கியே விரியும்; விலகிச் செல்லாது.

இத்தகைய பிரேக்கிற்கு இங்கிலாந்து நாட்டுப் பொறியியல் அறிஞர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அது பெரும்புகழ் எய்தியது அரை நூற்றாண்டு கழித்தே. 1953-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் முதலிடம் பெற்றது. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் என்னும் இருவர் அதனை ஓட்டினர். மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகம் அப்பந்தயத்தில் அவ்வாண்டுதான் முதன்முதலாக எட்டப்பெற்றது. நேரான நீண்ட சாலையில் மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய இடத்தையும் கடந்து சென்று, பின்னரே ஜாகுவார் ஓட்டுநர்கள் பிரேக்கை அழுத்த முடிந்தது. விரைவாக நிற்க வல்லதே விரைவாக ஓடவும் வல்லது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இதன்பின் விற்பனைக்குரிய கார்களிலும் டிஸ்க் பிரேக் இடம்பெற்றது. ஆயினும் பல கார்களில் முன்சக்கரங்களுக்கு மட்டுமே அது பொருத்தப்பட்டது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் உருவான எம்.ஜி.பி. கார் இதற்குத் தக்க சான்று. அதன் முன்புறம் டிஸ்க். பின்புறம் இறுதிவரை டிரம்மே. இன்று அக்காரைப் போற்றி வைத்திருப்போருள் சிலர், பின்புறத்திற்கும் டிஸ்க் பிரேக் பொருத்த விழைகின்றனர். அதற்கு முன், அதனை உருவாக்கியவர்கள் பின்புறம் டிரம்மை வைத்ததன் காரணத்தை ஆராய்தல் நலம்.

வண்டி திடீரென நிற்கும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பேருந்து நிற்கையில் பயணிகள் முன்னே சாய்வது போன்றதே இதுவும். நின்றிருக்கும்போது முன்னும் பின்னும் பாதி பாதியாக இருந்த பாரம், கடுமையாகப் பிரேக் அழுத்தும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முன்சக்கரங்களையே சார்கிறது. எனவே தடைவேலையின் பெரும்பகுதியும், வெப்பத்தின் பெரும்பகுதியும் முன்சக்கரங்களுக்கே உரியவை. பின்சக்கரங்களின் சிறிய வேலைக்கு டிரம் போதும். மேலும், நிறுத்திய வண்டியை நகராமல் காக்கும் கைப்பிரேக்கிற்கும் டிரம் மிகப் பொருத்தமானது. அதன் விலையும் குறைவு.

பின்சக்கரங்களின் தடை அளவிறந்து மிகுந்தால் நேர்வது யாது? சுழற்சி நின்று சறுக்கும் சக்கரம், பக்கவாட்டில் வண்டியைத் தாங்கும் பிடிப்பையும் இழந்துவிடும். முன்சக்கரங்கள் முதலில் சறுக்கினால், வண்டி திரும்ப மறுத்தாலும் நேராகவே செல்லும். பின்சக்கரங்கள் முதலில் சறுக்கினாலோ, வண்டியின் பின்பாகம் ஒருபுறம் வீசி, வண்டியே பம்பரம்போல் சுழன்றுவிடும். ஈரச் சாலையில் இது உயிருக்கே இடர் விளைக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி பிரேக்கிற்கும் பொருந்துவதாம்.

மாற்றியமைக்கும் முறையை இனி நோக்குவோம். முதலில் வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, சக்கரம், டிரம், ஷூ, அவற்றைத் தாங்கும் பின்தகடு ஆகியவற்றைக் கழற்றுவர். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அத்தூசி மூச்சில் கலந்தால் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்யும். ஆதலால் அதனை ஊதித் துடைத்தல் ஆகாது. நனைத்து எடுத்தல் வேண்டும். பின்தகடு இருந்த இடத்தில் காலிப்பரைத் தாங்கும் உறுதியான இரும்புத் தாங்கியைப் பொருத்துவர். டிரம் இருந்த இடத்தில் தட்டு அமையும். தட்டு காலிப்பரின் நடுவே கோணலின்றிச் சுழல்கிறதா என்றும், சக்கரம் காலிப்பரில் உராயாது சுழல இடமுள்ளதா என்றும் அளந்து பார்த்தல் கடமை.

அடுத்தது பிஸ்டனின் அளவு. திரவத்தின் அழுத்தம் எங்கும் ஒன்றே; ஆயினும் பிஸ்டனின் பரப்பு பெரிதானால் விசையும் பெரிதாகும். டிரம்முக்கு உள்ளதுபோல் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் இயல்பு டிஸ்க்குக்கு இல்லை. எனவே அதற்குப் பெரிய பிஸ்டன் வேண்டும். பிஸ்டன் மிகப் பெரிதானால் பின்சக்கரம் முந்திச் சறுக்கும்; மிதியும் ஆழமாகச் செல்லும். மிகச் சிறிதானால் பின்பிரேக் பெயரளவில் மட்டுமே வேலை செய்யும். பின்புறம் செல்லும் அழுத்தத்தைக் குறைக்க வால்வு ஒன்று பொருத்துவதுண்டு. அவ்வால்வு குறைக்குமேயன்றிக் கூட்டாது.

டிரம் பிரேக்குள்ள சில வண்டிகளில், மிதியை விட்ட பின்னும் குழாயில் சிறிது அழுத்தம் தங்குமாறு ஒரு வால்வு அமைந்திருக்கும். ஷூக்களைப் பின்னிழுக்க வலிய சுருள்வில் இருப்பதால் அங்கு அது தீங்கன்று. டிஸ்க்கில் அத்தகைய வில் இல்லை. அவ்வால்வு அப்படியே இருந்தால் பேடுகள் ஓயாது தட்டை உராய்ந்து, வெப்பத்தை விளைக்கும். ஆகவே அதனை நீக்குதலோ, டிஸ்க்குக்கு ஏற்ற வால்வை வைத்தலோ வேண்டும்.

கைப்பிரேக்கை மறத்தல் பெரும்பிழை. திரவத்தின் துணையின்றி, கம்பியால் இழுத்து இயங்கும் பொறியமைப்புடைய காலிப்பரையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். அல்லது, தட்டின் நடுப்பகுதியிலேயே சிறிய டிரம் அமைந்த வகையைக் கொள்ளலாம். சரிவில் நிறுத்திய வண்டி அசையாது நிற்கிறதா என்பதே இதற்குரிய தேர்வு.

எல்லாம் பொருத்திய பின் குழாய்களிலுள்ள காற்றை முற்றும் வெளியேற்றி, புதிய திரவம் நிரப்புவர். காற்று அமுங்கும் இயல்புடையது. அது குழாயில் தங்கினால் மிதி வீணே தாழும். பின்னர்ப் பயிற்சி பெற்ற வல்லுநர், ஆளில்லாத சமதளத்தில் குறைந்த வேகத்தில் தொடங்கிச் சோதித்துப் பார்ப்பார். முன்சக்கரங்களே முதலில் சறுக்கும் நிலைக்கு வருகின்றன எனக் கண்ட பின்னரே வண்டி சாலைக்கு வரலாம்.

இத்துணை உழைப்பிற்கும் பயன் உண்டா எனில், அது வண்டி செய்யும் வேலையைப் பொறுத்தது. பந்தயக் களத்தில் இடைவிடாது பிரேக் அழுத்துவோர்க்கு, சோர்வுறாத பின்பிரேக் பேருதவியாகும். ஊர்ச்சாலையில் அமைதியாகச் செல்வோர்க்கோ, செம்மையாகப் பேணிய டிரம்மே போதியது. சக்கரத்தைச் சறுக்கச் செய்யும் அளவுக்கு டிரம்முக்கே வலிமை உண்டு. அவ்வெல்லைக்கு அப்பால் நிற்கும் தொலைவை வரையறுப்பது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பே.

பழைய பொருளைத் திருத்துவது தவறன்று. அதனை அமைத்தவர் எக்காரணம் கருதி அவ்வாறு அமைத்தார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஓர் உறுப்பை மாற்றுவோன் அதனோடு இணைந்த ஏனைய உறுப்புகளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். நான்கு சக்கரங்களும் தத்தம் அளவறிந்து ஒன்றுபட்டுத் தடுக்கும்போதே வண்டி நேராக நிற்கிறது; அதில் அமர்ந்தோரும் நலமே வீடு சேர்கின்றனர்.